படுத்து வந்த பாய்மரம்

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ராயபுரத்தில் குடியிருப்பவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையைத் தாண்டி உள்ளே போனால் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. துறைமுகத்தைச் சீரமைத்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் தொடங்கிய கிளப் அது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் துறைமுகத்துக்குள்தான் இயங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூன்று பேரும் சென்னைக் கடலில் பழகியவர்கள். அவர்கள் படங்கள் பத்திரிகையில் வந்தபோது எனக்கு எவ்வளவோ பெருமை. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. பாய்ப்படகுக்காரர்களின் வாழ்க்கையில் பாதி தரையில்தான் கழிகிறது. போட்டி எந்த ஊரிலோ, படகு அந்த ஊருக்கு லாரியில்தான் போயாக வேண்டும். அந்த லாரிக் கதையை யாரும் எழுதுவதில்லை.

எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் படகு. நீளமான இரும்புத் தண்டுகளை வளையாமல் அடுக்குவதும் அனுப்புவதும் பட்டறைக்காரனுக்கு அன்றாட வேலை என்பதால், பாய்மரங்களை வண்டியேற்றும் பொறுப்பு எங்கள் கூட்டத்தில் தானாகவே என்னிடம் வந்துவிட்டது. ஜூலை மாதத்தில் ஹைதராபாத் ஹுசேன் சாகரில் போட்டி நடக்கும். ஓங்கோல் தாண்டும் வரை கடலோர நெடுஞ்சாலை, பிறகு மேதரமெட்லாவில் இடப்பக்கம் திரும்பி அத்தங்கி, வாடபள்ளியில் கிருஷ்ணா பாலம், மிரியாலகூடா, நார்க்கட்பள்ளி என்று போகும் வழி. லேசர் வகைப் படகு என்றால் கவலை இல்லை. அதன் பாய்மரம் இரண்டு துண்டு. மேல்துண்டு மூன்றரை மீட்டர் சொச்சம், கீழ்த்துண்டு மூன்று மீட்டருக்குள். பிரித்துவிட்டால் சின்ன வண்டியிலும் அடங்கிவிடும். 420, 470 வகைகளுக்குப் பாய்மரம் ஆறு மீட்டருக்கு மேல். அதைப் பிரிக்க முடியாது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

அப்படி ஒரு 420 பாய்மரம் ஒருமுறை வேறொரு ஊருக்குப் பார்சல் லாரியில் போனது. நாங்கள் கட்டிக் கொடுத்த கட்டு சரியாகத்தான் இருந்தது. வழியில் எங்கோ லோடை மாற்றி ஏற்றியவர்கள் அதன்மேல் ஒரு டிரம்மை வைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது நடுவில், பக்கக் கம்பிகளை வெளியே தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கைகளுக்குச் சற்றுக் கீழே, விரல் அழுந்தும் அளவுக்கு ஒரு ஒடுக்கு. பார்த்தால் பெரிதாகத் தெரியாது. லாரி ஆபீஸில் இருந்தவர், "இதுக்குப் போயா?" என்றார். காற்று எழுந்த இரண்டாவது நாள் அந்த ஒடுக்கு இருந்த இடத்திலேயே பாய்மரம் மடிந்து விழுந்தது. படகில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அடி படவில்லை. ஆனால் ஒரு வருஷம் முழுக்கப் பழகி வந்தவர்கள், மிச்சப் போட்டிகளைக் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஒடுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாய்மரம் நிற்கும்போது எஃகுக் கம்பிகள் அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கின்றன. காற்று பாயைத் தள்ளத் தள்ள அந்தக் கம்பிகளின் இழுப்பு கூடும். எல்லா இழுப்பும் சேர்ந்து பாய்மரத்தைத் தலையிலிருந்து அடி நோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. அலுமினியக் குழாய், சுவர் சில மில்லிமீட்டர்தான். காலியான கூல்டிரிங்க் டின் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன்மேல் மெதுவாக ஏறி நின்றால் அது ஆளைத் தாங்கும். நிற்கும்போதே யாராவது பக்கத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அப்படியே நசுங்கிப்போகும். பாய்மரத்தின் உடம்பும் அதே கணக்கு. கடலில் புயற்காற்றைத் தாங்கும் ஒன்றை, தரையில் ஒரு டிரம் முடித்துவிடும். எங்கள் போட்மேன் அண்ணன் காசிமேட்டுக்காரர். கட்டுமரத்தில் பாய் ஏற்றிய காலத்தைச் சிறுவயதில் பார்த்தவர். அவர் இதை இப்படிச் சொல்வார்: "நின்னுக்குனு இருந்தா எத்தினி காத்தையும் தாங்கும் சார். படுக்க வச்சாதான் பயம்."

இந்த அனுபவங்களெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் மும்பைப் படகு வந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து, கொலாபாவில் ஒருவரிடமிருந்து 26 அடி நீளமுள்ள, அடிவயிற்றில் கீல் என்ற கனத்த எடைப்பலகை உள்ள பழைய படகு ஒன்றை வாங்கினோம். நடந்தது 2014-க்குச் சில வருஷங்கள் கழித்து. அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும். மும்பைத் துறைமுகத்தில் பாய்ப்படகுப் பருவம் அக்டோபரிலிருந்து மே வரை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் எல்லாப் படகுகளையும் கரையேற்றிவிடுவார்கள். கரையேற்றும் அந்தச் சமயத்திலேயே பாய்மரத்தை இறக்கி, படகையும் அதையும் சென்னைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நானும் போட்மேன் அண்ணனும் மே மாதக் கடைசியில் மும்பைக்குப் போனோம். படகு இரண்டரை டன். பாய்மரம் பதினொரு மீட்டர், அதாவது முப்பத்தாறு அடி. கம்பிகளோடு சேர்த்து எழுபது கிலோவுக்குள்.

இறக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். கம்பிகளின் அடியில் இருக்கும் திருகுகள் ஒவ்வொன்றும் எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதாமல் கழற்றினால், மறுபடி நிறுத்தும்போது பாய்மரம் எந்தச் சாய்வில் நின்றது என்பது யாருக்கும் தெரியாது. கிரேன் பாய்மரத்தைத் தூக்கும்போது ஊஞ்சலாடாமல் அடியைப் பிடித்து நடத்தியவர் அண்ணன்தான். கீழே படுக்க வைத்ததும் உச்சியில் இருந்த காற்றுமுள்ளையும் ரேடியோ ஏரியலையும் கழற்றித் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்தோம். குறுக்குக் கைகள் இரண்டையும் கழற்றி, இடப்பக்கத்துக் கைக்குச் சிவப்பு டேப், வலப்பக்கத்துக் கைக்குப் பச்சை டேப். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். இதைப் பலர் செய்வதில்லை. உப்புத் தண்ணீரோடு பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி அனுப்பினால், வெயிலில் உள்ளே வியர்த்து, எஃகுத் திருகுகள் அலுமினியத்தைத் தொடும் இடங்களிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அரித்துவிடும். காயவைத்துப் பழைய போர்வைகளால் சுற்றினோம். கம்பிகளை இரண்டு விதமாகக் கொண்டுபோகலாம்: கழற்றிப் பெரிய வட்டமாகச் சுருட்டலாம், அல்லது பாய்மரத்தை ஒட்டியே நீட்டி, கைநீளத்துக்கு ஒரு கட்டாகப் பருத்திக் கயிற்றால் கட்டலாம். நாங்கள் நீட்டிக் கட்டினோம். பத்தொன்பது இழை முறுக்கிய கம்பி அது. ஒரு தடவை முறுக்கு விழுந்து மடங்கிவிட்டால் பிறகு நிமிர்த்தினாலும் நம்பக்கூடாது. கடலில் அறுந்தால் அந்த மடங்கிய இடத்தில்தான் அறும்.

இனி வண்டி. மும்பைக்கு வெளியே கலம்போலியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் திருநெல்வேலிக்காரர், அன்பான மனிதர். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, முதலில் எத்தனை டன் என்று கேட்டார். சொன்னேன். படகு 26 அடிதானே, 32 அடி வண்டி தாராளம் என்றார். பாய்மரம் முப்பத்தாறு அடி, நாற்பதடி ட்ரைலர் வேண்டும் என்றேன்.

"என்ன அண்ணாச்சி, எழுவது கிலோ சாமானுக்குப் போயி நாப்பதடி வண்டி கேக்கிய? பின்னால நாலடி நீட்டிக்கிட்டு வரட்டும். நுனியில ஒரு செவப்புத் துணியக் கட்டிவிட்டாப் போச்சு."

அந்தச் சிவப்புத் துணியை எனக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் என் பட்டறையில் ஃபிட்டராக ஒரு பையன் வேலை பார்த்தான். கையில் நல்ல சூட்சுமம். அளவுகோலே வைக்காமல் நூலளவு சொல்லுவான். இரண்டாவது ஷிஃப்ட் முடித்துவிட்டு பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளில் மோதினான். லாரியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு நாலடி முன்னாலேயே கம்பி நுனி இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. நுனியில் சிவப்புத் துணி கட்டித்தான் இருந்தது. இரவில் அதுவும் இருட்டாகத்தான் தெரியும். அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னது நான்.

வண்டியின் பின்பக்கத்தைத் தாண்டி ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் மோட்டார் வாகன விதியிலேயே இடம் இருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளால் ஏற்பட்ட சாவுகளைக் காட்டி உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2014-இல் மத்திய அரசு விதியைத் திருத்தி அந்த இடத்தை எடுத்துவிட்டது. பிறகு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு, வண்டியின் உடம்புக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் இருபதாயிரம் ரூபாய் அபராதம் என்றும், அந்தச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில் என்றும் வந்தது. நாங்கள் மும்பைக்குப் போனபோது 2014 திருத்தம் அமலில் இருந்தது. ஆனால் கலம்போலியில் நான் பார்த்த வண்டிகளில் எத்தனையோ வண்டிகளின் பின்னால் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அந்த புக்கிங் ஆபீஸ்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாரும் செய்வதைத்தான் சொன்னார். நான் ஃபிட்டர் பையனைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போனை எடுத்து நாற்பதடி ட்ரைலருக்கு ஆள் தேடினார். வாடகை கூடியது. நண்பர்களுக்கு மும்பையிலிருந்தே தகவல் சொன்னேன். ஒருவர் முணுமுணுத்தார், மற்றவர்கள் சரி என்றார்கள்.

ட்ரைலர் சங்ககிரி வண்டி. டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். தென் மும்பைக்குள் பகலில் கனரக வண்டி வர முடியாது என்பதால் இரவில் வந்தார். படகை அதன் தாங்குசட்டத்தோடு தூக்கி வைத்து முடிக்கவே நள்ளிரவு. பாய்மரத்தைப் படகின் மேல்தளத்தில் ஏற்றிக் கட்டலாம் என்று கிரேன்காரர் சொன்னார். உயரம் கூடும், உச்சியில் ஆட்டமும் கூடும். படகின் வயிற்றுக்கடியில் கீலை ஒட்டி நீளவாக்கில் இடம் இருந்தது. அங்கேயே வைத்தோம். ட்ரைலர் தளம் நாற்பதடி, பாய்மரம் முப்பத்தாறு. முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி மிச்சம்.

எத்தனை இடத்தில் தாங்குவது, எங்கே தாங்குவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். நீண்ட தண்டு ஒன்றை இரண்டு கட்டைகளின்மேல் வைப்பதென்றால், இரண்டு நுனிகளிலும் வைப்பவர்கள் உண்டு, நடுப்பகுதி தொங்கிப்போகும். நடுவில் நெருக்கி வைத்தால் நுனிகள் தொங்கும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை இரண்டு பக்கமும் வெளியே விட்டுக் கட்டை கொடுத்தால் வளைவு மிகக் குறைவு. பட்டறையில் ஷாஃப்டுகளுக்கு நாங்கள் செய்வது அது. பதினொரு மீட்டருக்கு அது நுனியிலிருந்து இரண்டேகால் மீட்டர் அளவில் வரும். ஓடும் வண்டியில் இரண்டு மட்டும் போதாது. குழியில் சக்கரம் இறங்கும்போது நடுப்பகுதி துள்ளும். அதனால் நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டை வைத்தோம். ட்ரைலர் தளமும் ஓட்டத்தில் வளைந்து நிமிரும் என்பதால் அந்த நடுக்கட்டையின்மேல் மட்டும் தடிமனான ரப்பர் பாய் போட்டோம். கெட்டியாகக் கொடுத்திருந்தால் தளம் மேலே வளையும்போதெல்லாம் முழு எடையும் அந்த ஒரு புள்ளியில் போய் உட்கார்ந்திருக்கும்.

எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது என்பதிலும் கணக்கு உண்டு. பாய்மரத்தின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது. முன்பின்னாக நீண்டும் பக்கவாட்டில் ஒடுங்கியும் இருக்கும். பாய் ஏறும் காடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் நீண்ட பக்கம் செங்குத்தாக நிற்கும், மேலும் கீழுமான துள்ளலை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் கவிழாமல் இருக்கக் கட்டைகளில் அதன் வடிவத்துக்கே குழி வெட்டி, உள்ளே பழைய கார்ப்பெட் ஒட்டினோம். வெட்டியது அண்ணன். உளியால் தட்டித் தட்டி, பாய்மரத்தை வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்துச் செதுக்கி, விடியும் வரை அவர் உட்காரவே இல்லை.

டிரைவருக்கு இதெல்லாம் அதிகமாகத் தெரிந்தது. ஒரு கையால் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க சார், இத்தனை லேசா இருக்குது? இதுக்குப் போயி இத்தனை கட்டுக் கட்டறீங்க?" என்றார்.

லேசு என்று நினைப்பதுதான் ஆபத்து என்றேன். இது வழவழப்பான அலுமினியம், போர்வை சுற்றியது, நீளவாக்கில் படுத்திருப்பது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், இது நிற்காது. நேராக முன்னால் கிளம்பி முகப்புப் பலகையைத் தாண்டி ஓட்டுநர் அறையின் பின்சுவரில் ஏறும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாய்மரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். முன்னால் பாயும் பாய்மரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

அவர் தன் கேபினைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மொதல்ல அது எனக்குத்தானுங்களே வருது," என்றார். அதற்கப்புறம் எங்களைவிட அதிகமாகக் கட்டியது அவர்தான்.

முன்நுனிக்கு எதிரே ட்ரைலர் தளத்தில் போல்ட் போட்டுத் தேக்குக் கட்டை ஒன்றைக் குறுக்காக இறுக்கினோம். பாய்மரத்தின் அடிப்பக்கத்தை முன்னால் வைத்தோம். அடியில் கெட்டியான வார்ப்புத் துண்டு இருக்கும், மெல்லிய உச்சியைப்போல அது நசுங்காது. குறுக்குக் கைகள் மாட்டும் இரும்புப் பட்டையிலிருந்து பின்னோக்கி இரண்டு பட்டைகளை இழுத்துக் கட்டினோம், முன்னோக்கியும் இரண்டு. மேலாகப் போகும் பட்டைகள் கட்டைகளுக்கு நேர்மேலே மட்டும். கட்டை இல்லாத இடத்தில் இறுக்கினால் நாமே பாய்மரத்தை வளைத்த மாதிரி. சங்கிலியோ கம்பிக்கயிறோ கிட்டவே வரக்கூடாது. நைலான் கயிறும் வேண்டாம். மழையில் நனைந்தால் இளகிவிடும். பாலியஸ்டர் ராட்செட் பெல்ட்தான் சரி. அதையும் முழு பலத்தோடு முறுக்கினால் மெல்லிய சுவர் நசுங்கும். பெல்ட்டைக் கையால் தட்டினால் அசையக்கூடாது, அந்த அளவுதான். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு பாதி முறுக்கு விட்டோம். தட்டையாக நீண்டிருந்தால் காற்றில் ரீங்கரித்து, அந்த அதிர்விலேயே கொக்கி தளர்ந்துவிடும்.

கட்டு நின்றுவிட்டது என்று எப்போதும் நம்பிவிடக்கூடாது. போர்வையும் கார்ப்பெட்டும் முதல் மணி நேரத்தில் அமுங்கும், பெல்ட் இளகும். பன்வேல் தாண்டியதும் நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பல் இறுகியது. போர் காட் ஏற்றத்துக்கு முன்னால் ஒரு தரம், லோணாவளாவில் ஒரு தரம். புனே, சாத்தாரா, கோலாப்பூர் என்று டீ குடிக்க நின்ற இடங்களிலெல்லாம் டிரைவர் டீக்கு முன்னால் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். சாத்தாராவுக்கு முன்னால் வரும் கம்பாட்கி மலைப்பாதையில் வளைவுகள் நெருக்கம். அங்கே எங்களுக்கு முன்னால் பி.வி.சி. குழாய்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு லாரி போனது. ஒவ்வொரு வளைவிலும் லாரி ஒரு பக்கம் திரும்ப, குழாய் நுனிகள் எதிர்ப்பக்கம் வீசிப் பக்கத்துத் தடத்துக்குள் போய் வந்தன. அந்தத் தடத்தில் பைக்கில் ஒரு கணவனும் மனைவியும், நடுவில் குழந்தை. பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்வாங்கினார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவரே பார்த்துவிட்டார்.

நீளமான மரத்தைச் சாலையில் திருப்புவது என்றைக்குமே பெரும்பாடாகத்தான் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களை 1691-ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் இங்கிலாந்து அரசு தன் கடற்படைப் பாய்மரங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டது. வெள்ளைப் பைன் மரங்களைக் காளைகள் பூட்டிக் கடற்கரைக்கு இழுத்துப்போன தடங்கள் பின்னால் சாலைகளாகி, நியூ ஹாம்ப்ஷயரில் இன்றும் 'மாஸ்ட் ரோடு' என்ற பெயரோடு இருக்கின்றன. நாங்கள் பெலகாவியைத் தாண்டித் தார்வாட் பக்கம் வரும்போது மேற்கே இருந்த கனராக் காடுகளும் அப்படித்தான். புன்னை இனத்தைச் சேர்ந்த நெடுமரங்கள் பாய்மரத்துக்காக அங்கே வெட்டப்பட்டன. நம் கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் கடலைப் பற்றி எழுதிய அளவுக்கு, அந்த மரங்கள் மலையிலிருந்து இறங்கிய பாதைகளைப் பற்றி எழுதவில்லை என்பது எனக்குள்ள பெரிய குறை.

ஹூப்ளியைச் சுற்றிப்போகும் சாலை அப்போது இருவழிதான், எதிரே வரும் பஸ் உரசுகிற மாதிரி வரும். இரவில் அந்தச் சாலையில் போக வேண்டாம் என்று நின்றுவிட்டோம். இரவு ஓட்டினால் ஒரு நாள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வழியில் பள்ளம் தெரியாது, பெல்ட் தளர்ந்ததும் தெரியாது. அன்றிரவு மழை கொட்டியது. போர்வைகள் நனைந்தால் கனத்து, கட்டு நிலை மாறும் என்று அண்ணன் மழையிலேயே இறங்கித் தார்ப்பாயை இழுத்து மூடினார். காலையில் எல்லாவற்றையும் திறந்து காற்றாட விட்டுப் பிறகுதான் கிளம்பினோம். தாவணகெரே, சித்ரதுர்கா, துமகூரு எல்லாம் அகலமான சாலை, சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் அதிகாரி ஒருவர் கைவிளக்கோடு வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வெளிய நீட்டலியே" என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கிருஷ்ணகிரி, வேலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வீடு வந்துசேர்ந்தோம்.

சென்னையில் இறக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. மேலே மின்கம்பி இருக்கும் இடத்தில் பாய்மரத்தை நிமிர்த்த விடமாட்டேன். அலுமினியம் மின்சாரத்துக்கு நேர்வழி. ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகின் பாய்மரம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். முதலில் முழுக்க அலுமினியமாக இருந்தது. கரையில் மின்கம்பியில் பட்டு ஆட்கள் செத்துப்போனதால், 1980-களில் அதன் மேல்பகுதியைக் கண்ணாடியிழைக்கு மாற்றினார்கள். நம் ஊரில் மின்கம்பிகள் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ட்ரைலரை நிறுத்தும் முன்பே அண்ணன் இடத்தைச் சுற்றி நடந்து வானத்தைப் பார்த்துவிட்டு, நிற்கும் இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார்.

ஆறு பேர் தோளில் ஏற்றி இறக்கினோம். ஒரே உயரமுள்ளவர்களை அடுத்தடுத்து நிற்கவைத்தது அண்ணன் யோசனை. குட்டையானவர் நடுவில் நின்றால் எடை அவர்மேல் வராது, மற்றவர்கள்மேல் ஏறும். போர்வைகளைப் பிரித்தபின், காடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். பதினொரு மீட்டரிலும் நூல் காடியின் நடுவிலேயே ஓடியது. ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் குனிந்து தன் கண்ணாலேயே ஒரு தரம் பார்த்துவிட்டு, கட்டைகளில் ஒன்றைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். குழாய் லோடு ஏற்றும்போது உதவும் என்றார். மூன்றையும் கொடுத்தனுப்பினோம்.

பாய்மரமோ, கொடிக்கம்பமோ, குழாயோ, கம்பியோ, நீளமான எதையும் அனுப்ப இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டி பேசும்போது எடையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நீளத்தை முதலில் சொல்லுங்கள். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கும் வண்டி வரும்வரை காத்திருங்கள். புக்கிங் ஆபீஸில் யாராவது சிவப்புத் துணியைப் பற்றிப் பேசினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கூடுதல் வாடகையைக் கொடுங்கள்.